மந்திரியாரின் இடைத்தேர்தல்

எங்கள் வீட்டு மேல்மாடிச் சின்ன அறையில் ஏழு வருடம் இருந்த ஒருவர், வருடத்துக்கு ஒரு முறை அந்த அறையை ராஜினாமாச் செய்வார்.

லண்டன் ஹரோவில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம். மூன்று அறை என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாவது அறையில் கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. ஆள் பக்கவாட்டில்தான் நுழையவேண்டும். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஓகஸ்ட்டில், இலங்கையில் ஊர் பற்றி எரிந்த செய்தி வந்து நாங்கள் எல்லாரும் ரேடியோவுக்குப் பக்கத்தில் கிடந்த நாட்களில், தெரிந்த ஒருவர் சொல்லி அவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு சூட்கேஸ், ஒரு குடை, கடதாசி நிறைந்த இரண்டு பெட்டிகள்.

அடுத்த வருடம் அதே திகதியில், காலைச் சாப்பாட்டுக்கு முன், ரை கட்டி, சப்பாத்துப் போட்டு, மாடியால் இறங்கி வந்தார். அறைப் பூட்டின் திறப்பை என் கணவருக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"நான் அறையை விடுறன். திரும்பவும் கேக்கிறன். இருக்கலாமோ?"

எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன குறை வைத்தோம் என்று நான் கேட்டேன். குறை ஒன்றுமில்லை, ஒரு வருடம் முடிந்துவிட்டது, அதனால் கேட்கவேண்டும் என்றார். அதற்கடுத்த வருடம் இவர், என் கணவர், இதற்குப் பழகிவிட்டார்.

"எதிர்த்து ஆரும் நிக்கினமோ?"

"இதுவரைக்கும் இல்லை."

"அப்ப போட்டியில்லாமல் தெரிவு. இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ, அண்ணை."

அவர் சிரித்துக்கொண்டு திறப்பை எடுப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் அவர் முகம் இருக்கும் இருப்பை நான் பார்த்திருக்கிறேன். பரீட்சை மண்டபத்துக்கு வெளியில் பெயர்ப் பட்டியலைத் தேடும் பிள்ளையின் முகம்.

அறை மட்டுமா? உப்பு வேண்டுமென்றாலும் கேட்பார். உப்புப் போத்தல் அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நேற்று எடுக்கச் சொன்னதால் இன்றைக்கும் எடுக்கலாம் என்று அவர் நினைக்கமாட்டார். கதிரையில் முழுதாக இருக்கமாட்டார், நுனியில்தான். எனக்குப் பொறுமை குறைவு. "அண்ணை, இது உங்கட வீடு மாதிரி, இனி ஒண்டும் கேக்காதேங்கோ" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். "அப்பிடிச் சொல்லாதேங்கோ, தங்கச்சி. கேக்காமல் இருந்து பழகினால் பிறகு கேக்க வராது" என்றார்.

இந்த நோய் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை நான் விவரமாகச் சொல்லவேண்டும். அவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாப் பக்கம் பிரிட்டிஷ்காரருக்கு இருந்த கொலனிகளில் ஒன்று, அதன் பாராளுமன்றம், அதில் நடந்த மந்திரிமாரின் இடைத்தேர்தல்கள். இதுதான் விஷயம். யாழ்ப்பாணத்து மனுஷனுக்கு இது என்னத்துக்கு என்று கேட்டேன். "பெட்டியெல்லாம் இஞ்சை லண்டனிலைதான் கிடக்கு. ஆரும் திறந்து பாக்கேல்லை. பேராசிரியர் என்னைத் திறக்கச் சொன்னார்" என்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரில் ஒரு சட்டம் இருந்ததாம். சனங்கள் வாக்குப் போட்டு ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவரை மந்திரி ஆக்குகிறார்கள். மந்திரி என்றால் ராணியின் சம்பளம். நேற்று வரை சனங்களின் ஆள், இன்றைக்கு ராணியின் ஆள். ஆகவே அவர் தன் இடத்தை ராஜினாமாச் செய்துவிட்டு, தொகுதிக்குத் திரும்பிப் போய், "நான் இப்போது மந்திரி, இப்போதும் உங்களுக்கு நான் சம்மதமா?" என்று கேட்கவேண்டும். இடைத்தேர்தல் வைப்பார்கள். அநேகமாக எதிர்த்து ஒருவரும் நிற்கமாட்டார்கள். போட்டியில்லாமல் தெரிவாகிப் பாராளுமன்றத்துக்குத் திரும்புவார். வெறும் சடங்கு.

இதை அவர் சொல்லும்போது முகம் மாறிவிடும். "எவ்வளவு மரியாதையான சட்டம் பாருங்கோ. உயர்த்தி வைச்சவையிட்டைத் திரும்பிப் போய்க் கேக்கிறது." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் மந்திரியார். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னோம், பிறகு முகத்துக்கு நேரேயே சொன்னோம். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை.

அந்தச் சட்டத்தில் ஒரு மனுஷன் விழுந்துபோனான். மாவு அரைக்கும் ஆலை வைத்திருந்தவன். நல்ல வாக்கு வித்தியாசத்தில் வென்று, சில மாதத்தில் பொதுவேலை மந்திரியாகி, வழமைபோலத் தொகுதியிடம் கேட்டான். குதிரைச் சேணம் தைக்கிற ஒருவன் எதிர்த்து நின்றான். ஆலைக்காரன் தோற்றுப்போனான். அதே சனங்கள், அதே மனுஷன். ஏன் தோற்றான்? மந்திரியாருடைய கடைசி அத்தியாயம் இந்த ஒரு கேள்விதான்.

எனக்கு இது தெரிந்ததற்குக் காரணம், அந்த ஆராய்ச்சியைத் தட்டெழுதிக் கொடுத்தவள் நான். ஊரில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் படித்தவள். குசினி மேசையில் மெஷினை வைத்து, அடுப்பில் பருப்பு அவிய, ஆங்கிலத்தில் ஆலைக்காரனின் வாழ்க்கையைத் தட்டினேன். எண்பத்தைந்தில் தட்டியபோது அவன் தோற்றது பாலம் கட்டிக் கொடுக்காததால். எண்பத்தாறில் தட்டியபோது சாராயக்கடைகளை மூடச் சொன்னதால். எண்பத்தேழில், தலைநகரத்தில் இருந்துகொண்டே துண்டுப்பிரசுரம் அனுப்பினான், ஆளாகப் போய்க் கேட்கவில்லை என்று வந்தது. மற்ற அத்தியாயங்களில் ஒரு கொமா கூட மாறவில்லை.

மூன்றாம் தரம் தட்டி முடித்ததும் கடதாசிக் கட்டை மேசையில் குத்தி அடுக்கிவிட்டுக் கேட்டேன்.

"அண்ணை, இது போன வருசத்துக்கு முதல் வருசமே முடிஞ்சு போச்சு. அப்பிடித்தானே?"

அவர் கதவைப் பார்த்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

"முடிஞ்சால் விசா முடிஞ்சுது, தங்கச்சி."

அன்றைக்குத்தான் முழுக்கதையையும் சொன்னார். எண்பதாம் ஆண்டு மூன்று வருட லீவில் படிக்க வந்தவர். மனைவி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. மகளுக்கு அப்போது மூன்று வயது. போகிற காலம் வந்தபோது ஊர் எரிந்தது. ஒழுங்கான விசாவில், நாட்டை விட்டுப் போகாமல், பத்து வருடம் தொடர்ந்து இருந்தால் நிரந்தரமாக இருக்க விடுவார்கள் என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். அதுவரை அவர் மாணவனாகவே இருக்கவேண்டும். ஒவ்வொரு வருடமும் பேராசிரியர், இவர் இன்னும் எழுதுகிறார் என்று கடிதம் கொடுக்கவேண்டும். ஆராய்ச்சி முடியவும் கூடாது, நின்று போகவும் கூடாது.

"அகதி எண்டு எழுதிக் குடுக்கலாமே? எத்தினை பேர் குடுத்திருக்கினம்."

"குடுத்தால் பாஸ்போட்டை வாங்கி வைச்சிடுவினம். பிறகு மனிசி பிள்ளையைப் போய்ப் பாக்கேலாது."

"இப்ப மட்டும் போய்ப் பாக்கிறியளோ?"

"இப்பவும் போகேலாது. போனால் பத்து வருசம் முறிஞ்சுபோம். ஆனால் பாஸ்போட் கையிலை இருக்கு."

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போகமுடியாத ஒரு மனுஷன், போகலாம் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார். இதை மனைவிக்கு எழுதினீர்களா என்று கேட்டேன். எழுதவில்லை. கடிதங்களை வழியில் திறந்து பார்க்கிறார்கள், முடித்துவிட்டு ஒளித்து வைத்திருக்கிறான் என்று ஒரு சொல் வெளியே போனால் எல்லாம் போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயம் சரியோ பிழையோ, அது அவரை முழுதாகப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து நானும் அந்தக் கடைசி அத்தியாயத்துக்குள் அகப்பட்டுக்கொண்டேன்.

இதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு வேலையை இப்போது நினைத்தாலும் என்னை நானே அடிக்கவேண்டும் போல இருக்கும். அந்த ஓகஸ்ட்டில் பிள்ளை வயிற்றில் மூன்று மாதம். விடிந்தால் சத்தி. இவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். மந்திரியார் ரை கட்டி இறங்கி வந்து, திறப்பை என் முன்னால் வைத்துக் கேட்டார். எனக்கு எரிச்சலும் பகிடியும் ஒன்றாக வந்தது.

"இந்தமுறை ஏலாது, அண்ணை," என்று முகத்தை நேரே வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். பத்து நிமிடம் இருக்காது. மாடிப்படியின் அடியில் கோட்டும் குடையுமாக நின்றார். கையில் சூட்கேஸ். கடதாசிப் பெட்டிகளைப் பிறகு வந்து எடுப்பதாகச் சொன்னார்.

"கட்டில் துணியை மடிச்சு வைச்சிருக்கிறன். என்னை நல்லா வைச்சிருந்தியள், தங்கச்சி. சந்தோசம்."

நான் ஓடிப்போய்ச் சூட்கேஸைப் பறித்தேன். பகிடி, அண்ணை, பகிடி என்று அழுதுவிட்டேன். அவர் மாடிப்படியில் இருந்தார். "பகிடி எண்டு எனக்கும் விளங்கினது. எண்டாலும் நீங்கள் சொல்லிப்போட்டியள்தானே" என்றார். கோபமே இல்லை. பிறகு அறையைப் பார்க்கப் போனேன். மூன்று வருடமாக அலுமாரியில் அவர் ஒன்றும் வைத்திருக்கவில்லை. உடுப்பெல்லாம் சூட்கேஸுக்குள்ளேயே இருந்து வந்திருக்கிறது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொன்னால் இன்றைக்கும் ஹரோவில் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். எண்பத்தெட்டில் நடந்தது. பெற்றோர் கூடி மந்திரியாரைக் கமிற்றிக்குத் தெரிவு செய்தோம். கமிற்றி கூடி அவரைச் செயலாளர் ஆக்கியது. அடுத்த சனிக்கிழமை அவர் எழுந்து, தான் கமிற்றியிலிருந்து ராஜினாமாச் செய்வதாகவும், செயலாளராகத் தன்னைத் திரும்பவும் பெற்றோர் தெரிவு செய்யவேண்டுமென்றும் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை. "அண்ணைக்கு விருப்பமில்லைப் போல" என்று ஒரு தாய் என் காதுக்குள் சொன்னா. எதிர்த்து ஒருவரும் இல்லாமல் கேட்டால் கேட்டதாகாது என்று சொல்லி, வங்கியில் வேலை செய்த ஒரு வாய்செத்த மனுஷனைக் கையைப் பிடித்து எழுப்பி எதிர் வேட்பாளராக நிறுத்தியதும் மந்திரியார்தான்.

துண்டுக் கடதாசியில் பெயர் எழுதி பிஸ்கட் ரின்னுக்குள் போட்டோம். எண்ணினார்கள். வங்கிக்காரர் வென்றுவிட்டார், அதுவும் நன்றாகவே. எல்லாரையும்விடப் பேயறைந்தது போல நின்றவர் வங்கிக்காரர்தான். அவர் மந்திரியாருக்கு வாக்குப் போட்டிருந்தார்.

பிறகு தேத்தண்ணி குடிக்கும் இடத்தில்தான் விஷயம் வெளிவந்தது.

"அண்ணை எப்பிடியும் வெல்லுவார்தானே. மற்றவருக்கு ஒண்டும் விழாட்டி மனுசன் என்ன நினைக்கும்? பாவமெண்டு நான் ஒராள் போட்டன்."

"ஐயோ, நீங்களுமோ? நானும் அப்பிடித்தான்."

"பிறகு மனுசன்ரை முகத்திலை முழிக்கவேணுமெல்லே."

என் கணவர் கப்புக்குள் பார்த்துக்கொண்டு நின்றார், காது சிவந்திருந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் பாவம் பார்த்து வங்கிக்காரரின் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

மந்திரியார் காரின் பின்சீற்றில் வந்தார். நாங்கள் இருவரும் முன்னால் குற்றவாளிகள் மாதிரி இருந்தோம். வீட்டுத் தெரு திரும்பும்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆலைக்காரனிலை ஒருத்தருக்கும் கோவமில்லை, தங்கச்சி. எனக்கு இப்பதான் விளங்குது. அவன் வெல்லுவான் எண்டு எல்லாரும் நினைச்சிருக்கினம். அதாலைதான் தோத்தது."

கண்ணெல்லாம் மின்னியது. அடுத்த மாதம் நான் நான்காம் தரம் அந்த அத்தியாயத்தைத் தட்டினேன். இதற்கு என்ன ஆதாரம் என்று பேராசிரியர் கேட்டாராம். ஹரோ என்று மந்திரியார் சொன்னாராம். பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இன்னும் ஒரு வருடத்துக்குக் கடிதம் கொடுத்தார்.

அந்தச் சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஆனால் அதே வருடம்தான் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவருக்கு இல்லை, எனக்கு. அவருடைய மனைவி எழுதியிருந்தா. கரும்பலகையில் எழுதிப் பழகிய உருண்டையான கையெழுத்து.

"தங்கச்சிக்கு, நீங்கள்தான் தட்டெழுதிக் கொடுப்பதாக அவர் எழுதியிருந்தார். அது முடிந்துவிட்டதா என்பதை எனக்கு எழுதவும். வேறு காரணத்துக்காக அங்கே நிற்கிறார் என்றால் அதையும் எழுதவும். நான் கோபிக்கமாட்டேன். எட்டு வருடமாகிறது. எனக்கு ஒரு பதில் வேண்டும்."

கடிதத்தை அவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். "முடியேல்லை எண்டு எழுதுங்கோ, தங்கச்சி. இன்னும் இரண்டு வருசம்தான்." எழுதமாட்டேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம் இருக்கிறது, கெதியாக முடிந்துவிடும் என்று எழுதி அனுப்பினேன். என்னை நம்பிக் கேட்ட ஒருத்திக்கு நான் பொய் எழுதினேன். அவ பிறகு எனக்கு எழுதவில்லை.

இடையில் ஒருமுறை மகளின் படம் வந்தது. பள்ளிக்கூட வலைப்பந்து அணி, இரண்டு வரிசையில் பிள்ளைகள். சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு பிள்ளையைத் தொட்டுக் காட்டினார். "என்னைப்போல நெற்றி" என்றார். அவர் கை கழுவப் போனபோது படத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன் வரிசையில் இடமிருந்து மூன்றாவது என்று பின்னால் எழுதியிருந்தது. அவர் காட்டியது பின் வரிசையில் நின்ற வேறொரு பிள்ளையை. படத்தை இருந்தபடியே திருப்பி வைத்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு வசந்தத்தில் அவருடைய பாஸ்போர்ட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்ற முத்திரை விழுந்தது. குரொய்டன் விசா அலுவலகத்திலிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல், எங்கள் முன்னறைச் சோபாவில் முதுகைச் சாய்த்து முழுதாக இருந்தார். ஏழு வருடத்தில் முதல் தடவை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். அந்தக் கிழமையே கடைசி அத்தியாயத்தோடு ஆராய்ச்சியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு அவருடைய ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். குட்மேய்ஸில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு பார்த்தார். மகளுக்குப் பள்ளிக்கூட இடம் கேட்டு எழுதினார். ஜன்னல் துணி நான் தைத்துக் கொடுத்தேன். கொழும்புக்கு வந்து விசா அலுவலைப் பார்க்கச் சொல்லி மனைவிக்கு எழுதினார். ஊரில் அப்போது கொஞ்சம் அமைதி. அவ மகளோடு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் தன் அண்ணன் வீட்டில் தங்கினா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் எடுப்பதாக ஏற்பாடு. என் கணவர் எங்கள் பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் நடையில் இருந்தது. அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"ஓம், நான்தான். கேக்குதோ? ... எல்லாம் சரி. வீடும் பாத்தாச்சு. நாளைக்கு நீர் அண்ணையோடை போய் அந்தப் படிவத்தை... என்ன?"

பிறகு அந்தப் பக்கம்தான் பேசியது.

"ம்... ம்... விளங்குது... பிள்ளையிட்டைக் குடும்."

வெங்காயத்தை வெட்டாமல் நின்றேன்.

"நான் அப்பா கதைக்கிறன்... ஓமம்மா... எந்த மாதம் சோதினை? ... சரி, அம்மா. படியுங்கோ."

குசினிக்கு வந்து வாசலில் நின்றார்.

"வரேல்லையாம்."

அவ இப்போது பள்ளிக்கூடத்தின் அதிபர். அந்தப் பள்ளிக்கூடத்தைச் சண்டைக்குள் மூன்று தரம் இடம் மாற்றி நடத்தியிருக்கிறா. மகளுக்கு அங்கே படிப்பு, அங்கே சிநேகிதிகள். அதெல்லாம் காரணம் இல்லையாம். "பத்து வருசமா ஒவ்வொரு கடிதத்திலையும் கூப்பிடுவன், கூப்பிடுவன் எண்டுதான் எழுதியிருக்கிறியள். வாறீரோ எண்டு ஒரு கடிதத்திலையெண்டாலும் கேட்டிருக்கிறியளோ?" என்று கேட்டிருக்கிறா.

எனக்கு வந்த கோபத்தை அடக்கமுடியவில்லை.

"உப்புக்குக் கேக்கிறியள், கதிரைக்குக் கேக்கிறியள். அவவிட்டை ஏன் அண்ணை கேக்கேல்லை?"

"அவ என்ரை மனிசி, தங்கச்சி. அதிலை போட்டி இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை."

சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு கதிரையை இழுத்து இருந்தார். நான் வெட்டிய வெங்காயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டால் மூடி வைத்தேன். முடியவில்லை என்று பொய் எழுதியவள் நான்தான், அதையும் சேர்த்துத்தான் அவ கணக்குத் தீர்த்திருக்கிறா என்று சொன்னேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். அது எனக்காகச் சொன்னது.

இரண்டு கிழமையில் ரிக்கெட் எடுத்தார். என் கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அண்ணை, இப்ப பாதை திறந்திருக்கு. எப்ப பூட்டுவினம் எண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு கடிதம் எழுதுங்கோவன்."

"கடிதத்திலை கேக்கிற விஷயமில்லை, தம்பி. நான் போகவேணும்."

ஒரு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அந்த முத்திரை செல்லாமல் போய்விடும், ஒரு மாதம் பெரிய காரியமில்லை என்று எனக்குத் தைரியமும் சொன்னார். விமானநிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். மே மாதக் கடைசி அது.

ஜூன் மாதம் சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை பூட்டியது. போன் இல்லை, கரண்ட் இல்லை, தபால் எப்போதாவது வந்தால் உண்டு. ஊரிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஒருவர் சைக்கிளில் கண்டதாகச் சொன்னார், இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். போகமுடியாமல் பத்து வருடம் இங்கே கிடந்த மனுஷன், இப்போது வரமுடியாமல் அங்கே கிடக்கிறார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மே மாதம் வந்தபோது நானும் இவரும் அந்தத் திகதியைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. பட்டம் பற்றியதாகத்தான் இருக்கும், பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு வந்த கடிதம் உடைக்காமல் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

அந்த வருடக் கோடை முடியும்போது, கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்பு வழியாக இங்கே ஸ்ட்ரெதத்தில் மகனிடம் வந்து சேர்ந்த ஒரு அம்மா, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த கடிதம் ஒன்றைத் தபாலில் போட்டிருந்தா. அதே உருண்டைக் கையெழுத்து.

"தங்கச்சிக்கு, அவர் சுகமாக இருக்கிறார். வந்த அன்றைக்கே வாசல் படலையில் நின்று, இப்போதும் உமக்கு நான் சம்மதமா என்று கேட்டார். யோசிக்கவேண்டும் என்றேன். சண்டை தொடங்கிய பிறகும் நான் பதில் சொல்லவில்லை. வெளி அறையில் இருந்தார். என் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தார். பிள்ளை மெல்லமெல்ல அப்பா என்று கூப்பிட்டாள்.

இந்த மாசி மாதம், இரண்டு வருடம் முடியப்போகிறது, போகாவிட்டால் அங்கே நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்தது போய்விடும் என்று நான்தான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். இங்கிருந்து ஒருவர் வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். அவர் திரும்பி வருவார் என்று வீட்டில் ஒருவர் பிணை நிற்கவேண்டும். வராவிட்டால் பிணை நின்றவர் வெளியே போகமுடியாது. நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள், எனக்காகத் திரும்பி வரவேண்டாம் என்று சொல்லி, படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு பாஸ் எடுக்கப் போகாமல், வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டார். அவர் குளித்துவிட்டு வந்தபோது நான் ஓம் என்று சொன்னேன்."

இவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தவள், கடைசி வரிக்கு வந்ததும் அழத் தொடங்கிவிட்டேன். இவர் கடிதத்தை வாங்கி மிச்சத்தைத் தானே வாசித்தார். சந்தோஷத்திலா அழுகிறீர் என்று கேட்டார். செல் குண்டு விழுகிற ஊரில் மூன்று பேரும் அகப்பட்டுப்போய் இருக்கினம், இதில் என்ன சந்தோஷம் என்று ஏசினேன். ஏசிவிட்டு, அந்தக் கடிதத்தைத் தாரும் என்று அவர் கையிலிருந்து பறித்துத் திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.